கோமாளி வேஷத்தில் ஒரு வெடிகுண்டு: பாண்ட் படங்களில் சிரிப்புக்கு எங்கே இடம்?

நீலக்குடை:
அடுத்த ஜேம்ஸ் பாண்ட் படத்தை, தீவிரமான படங்களுக்குப் பெயர்போன டெனி வில்நெவ் இயக்குவார் என்று 2025இல் அறிவிப்பு வந்ததிலிருந்து ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "இனிமேல் சிரிப்பே இருக்காது" என்று ஒரு கட்சிக்குக் கவலை. "இனிமேலாவது சிரிப்பு இருக்காது" என்று இன்னொரு கட்சிக்கு நிம்மதி. இரண்டு பேரும் கேள்வியைத் தப்பாகக் கேட்கிறார்கள் என்பது என் எண்ணம்.

1962இல் வந்த 'டாக்டர் நோ' முதல் 2021இல் வந்த 'நோ டைம் டு டை' வரை 25 படங்களையும் வரிசையாக மறுபடி பார்த்து முடித்தேன். எந்தப் படத்தில் எத்தனை நகைச்சுவை என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒரு சிரிப்பு வந்து போன பிறகு ஆபத்து அங்கேயே நிற்கிறதா, ஓடிப்போகிறதா என்பதைத்தான் கவனித்தேன்.

'கோல்ட்ஃபிங்கர்' ஆரம்பத்தில் நடனக்காரியின் கண்மணியில் எதிரியின் நிழல் தெரிகிறது. சண்டை அசிங்கமாக, மூச்சிரைக்க நடக்கிறது. கடைசியில் எதிரி குளியல் தொட்டிக்குள் விழ, பாண்ட் மின் சூடேற்றியைத் தட்டிவிடுகிறான். எதிரி துடித்துச் சாகிறான். அப்புறம் சட்டையைச் சரிசெய்துகொண்டு "அதிர்ச்சியாக இருக்கிறது" என்று ஒரு வார்த்தை. பாண்டாக நடித்த ஷான் கானரி அதைச் சொல்லும் விதத்தில், இப்போதுதான் ஒரு கொலை செய்தவன் மனக்கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்கும். நாம் சிரிக்கிறோம். ஆனால் தொட்டியில் பிணம் கிடப்பதை மறக்கவில்லை.

இதற்கு நேர்மாறு, 1974இல் வந்த 'தி மேன் வித் தி கோல்டன் கன்'. உடைந்த பாலத்தின் மேல் கார் ஒரு முழுச் சுற்று சுழன்று மறுகரையில் இறங்கும் காட்சி. கணினியில் கணக்குப் போட்டு, உண்மையான காரை வைத்து, ஒரே முறையில் எடுத்தது. மூச்சை நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டிய நொடியில், இசையமைப்பாளர் ஜான் பேரி ஒரு குழல் விசிலைப் போட்டுவிட்டார். "ஊஊய்ய்ப்". அவ்வளவுதான், ஒரு மனிதர் உயிரைப் பணயம் வைத்துச் செய்தது பொம்மை விளையாட்டு ஆகிவிட்டது. பேரியே பின்னாளில் அதற்காக வருத்தப்பட்டார்.

இரண்டுமே நகைச்சுவைதான். ஆனால் முதலாவது ஆபத்துக்குள்ளிருந்து வருகிறது. இரண்டாவது ஆபத்தைப் பார்த்து வெட்கப்படுகிறது. உங்கள் கருத்து என்ன?

கடைசிவரிசை:
விசிலை நான் காப்பாற்ற வரவில்லை. ஆனால் இந்தப் பேச்சு எப்போது தொடங்கினாலும் கடைசியில், கானரிக்குப் பின்னால் பாண்டாக நடித்த ரோஜர் மூர் தலையில்தான் விடியும். அவருக்காக இரண்டு வார்த்தை.

'தி ஸ்பை ஹூ லவ்டு மீ', 1977. பனிமலை விளிம்பிலிருந்து பாண்ட் பாய்கிறான். இசை நின்றுவிடுகிறது. காற்று மட்டும் கேட்கிறது. ரிக் சில்வெஸ்டர் என்கிற சாகசக் கலைஞர் கனடாவின் பாஃபின் தீவில் உண்மையாகவே குதித்த காட்சி அது. விழுந்துகொண்டே இருக்கிறார், நமக்கு வயிறு கலங்குகிறது. பிறகு பாராசூட் விரிகிறது, அதில் பிரிட்டிஷ் கொடி. அந்தக் கொடி ஒரு ஜோக் தான். ஆனால் நீலக்குடை சொல்கிற கணக்குப்படியே, அந்த நீளமான மௌனம் இல்லாவிட்டால் கொடிக்குக் கைதட்டல் கிடைத்திருக்காது. மூர் காலத்துப் படங்களுக்கு இது தெரியும்.

அதே படத்தில் சோவியத் உளவாளி ஆன்யா தன் காதலனைக் கொன்றது பாண்ட் தான் என்று கண்டுபிடிக்கும் இடத்தில் மூர் ஒரு சிரிப்பும் சிரிக்க மாட்டார். புருவம்கூட அசையாது. ஆமாம், நான்தான் என்று ஒத்துக்கொள்வார். எப்போதும் சிரிக்கிற முகம் அங்கே சிரிக்காததால்தான் அந்தக் காட்சி குத்துகிறது.

சதுரங்கன்:
நான் எதிர்க்கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயான் ஃப்ளெமிங்கின் நாவல்களைப் படித்துவிட்டுப் படங்களுக்கு வந்தவன். 1953இல் வந்த முதல் நாவலில் இருக்கிற பாண்ட் கொலைக்குப் பிறகு வசனம் பேசுகிறவன் இல்லை. வேலையைப் பற்றிச் சந்தேகப்படுகிறான், அதிகம் குடிக்கிறான், காயம் ஆற நாளாகிறது. அந்த மனிதனைத்தான் நான் திரையில் தேடுகிறேன்.

இந்தத் தொடரின் வரலாற்றைப் பாருங்கள். 1979இல் 'மூன்ரேக்கர்' வெனிஸ் நகரச் சதுக்கத்தில் படகையே கார் மாதிரி ஓட்டி, ஒரு புறாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்க வைத்தது. விண்வெளிக்குப் போய்விட்டார்கள், அதற்கு மேல் போக இடமில்லை. உடனே 1981இல் 'ஃபார் யுவர் ஐஸ் ஒன்லி' என்று தரைக்கு இறங்கினார்கள். 2002இல் 'டை அனதர் டே' கண்ணுக்குத் தெரியாத கார் வரைக்கும் போனது. உடனே 2006இல் 'கேசினோ ராயல்'. சிரிப்புதான் பாண்டின் இயல்பு என்றால், ஒவ்வொரு முறையும் எதற்கு வெட்கப்பட்டுத் திரும்பி வருகிறார்கள்?

மூரின் மிகச் சிறந்த காட்சியும் அந்த 1981 படத்தில்தான். மலை விளிம்பில் தொங்குகிற காரில் லோக் என்கிற கொலைகாரன். பாண்ட் காலால் உதைத்துக் காரைக் கீழே தள்ளுகிறான். அப்படிச் செய்ய மூருக்கே தயக்கம் இருந்தது, இயக்குநர் ஜான் க்ளென் விடாப்பிடியாக நின்று எடுத்தார். நகைச்சுவைப் பாண்ட் தயங்கியதை நல்ல பாண்ட் செய்தான்.

கடைசிவரிசை:
சதுரங்கன் சார், அந்தக் காட்சியின் கடைசி வரியை விட்டுவிட்டீர்கள். கார் விழுந்த பிறகு பாண்ட் சொல்கிறான்: அவனுக்கு உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்று. உங்கள் மிகக் கடுமையான மூர் காட்சியிலேயே ஜோக் இருக்கிறது!

அப்புறம் அந்த ஊசலாட்டம் இரண்டு பக்கமும்தான் ஆடியிருக்கிறது. 1969 படத்தைச் சோகமாக முடித்தார்கள், 1971 படத்தில் பாண்டை நிலவு வண்டியில் ஓடவிட்டார்கள். 1989இல் 'லைசென்ஸ் டு கில்' ரத்தமும் சுறாவுமாக வந்தது, பிரிட்டனில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழ் வாங்கிய முதல் பாண்ட் படம் அது. அடுத்த படத்துக்கு ஆறு வருஷம் ஆனது, அதற்கு வழக்குகளும் காரணம், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'கோல்டன்ஐ' படத்தோடு திரும்பி வந்தபோது, புது பாண்ட் பியர்ஸ் ப்ராஸ்னன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் தெருவில் பீரங்கி வண்டி ஓட்டிக்கொண்டே டையைச் சரிசெய்தார். அரங்கம் அதைத்தான் கேட்டது. நீங்கள் கரித்துக்கொட்டும் 'மூன்ரேக்கர்' தான் 'கோல்டன்ஐ' வரும்வரை இந்தத் தொடரில் அதிகம் வசூலித்த படம்.

சதுரங்கன்:
வசூலை வைத்து நான் எதையும் அளப்பதில்லை. ஆனால் உயரம் ஒத்துக்கொள்ளாத வரி பற்றிச் சொன்னது சரி. எனக்கு அது மறந்தே போய்விட்டது. ஏன் மறந்தது என்றும் யோசிக்கிறேன்.

குறுக்கெழுத்து:
நம் மொழியில் இதற்கு அழகான கருவி இருக்கிறது. தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளைப் பட்டியலிடும்போது நகையைத்தான் முதலில் வைக்கிறது. நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன்.

பாண்ட் படங்களை இதில் போட்டுப் பாருங்கள். கானரியின் ஒற்றை வரிகள் எள்ளல். எள்ளல் என்பது வலிமை உள்ளவன் ஆபத்தைத் தனக்குக் கீழே வைக்கும் செயல், அதனால் அது பெருமிதத்துக்குப் பக்கத்து வீடு. 1973, 1974 படங்களில் வரும் ஷெரிஃப் பெப்பர் முழுக்கப் பேதைமை. எதையும் புரிந்துகொள்ளாமல் கத்திக்கொண்டே இருப்பார். கதாநாயகனின் எள்ளல் அச்சத்தோடு ஒரே காட்சியில் வாழும், பேதைமை வந்தால் அச்சம் எழுந்து போய்விடும். விசில், புறா எல்லாம் அந்தப் பக்கம்தான். எத்தனை சிரிப்பு என்று எண்ணுவதைவிட எந்த வகைச் சிரிப்பு என்று கேட்பது பயன்படும்.

நீலக்குடை:
குறுக்கெழுத்து, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஒரு படத்தைப் பற்றி எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் அந்தப் படம் உங்கள் கணக்கையும் உடைக்கிறது, என் கணக்கையும் கொஞ்சம் உடைக்கிறது.

'ஆக்டோபுஸி', 1983. கேலி செய்யப்படும் பாண்ட் படங்களில் முதல் வரிசை. டார்ஜான் கூச்சல், புலியை உட்காரச் சொல்வது, குரங்கு வேஷம் எல்லாம் உண்டு. ஆனால் அந்தப் படம் எப்படித் தொடங்குகிறது என்று நினைவிருக்கிறதா? முகப்புப் பாடல் முடிந்ததும் கிழக்கு பெர்லினில் கோமாளி ஒருவன் இருட்டில் ஓடுகிறான். பெரிய காலணி, சாயம் பூசிய முகம். கத்தி வீசும் இரட்டையர்கள் துரத்துகிறார்கள். முதுகில் கத்தி இறங்கி, ஆற்றில் விழுந்து, எப்படியோ பிரிட்டிஷ் தூதர் வீடுவரை வந்து கண்ணாடிக் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே விழுகிறான். கையிலிருந்து அலங்கார முட்டை ஒன்று உருள்கிறது. அவன் 009. பாண்டின் சக உளவாளி. அந்தக் காட்சியில் சிரிப்பு கிடையவே கிடையாது. கோமாளி முகத்தில் மரண பயம்.

படத்தின் பிற்பகுதியில் அதே வேஷத்தைப் பாண்ட் போட வேண்டி வருகிறது. மேற்கு ஜெர்மனியில் அமெரிக்க விமானப்படைத் தளம். சர்க்கஸ் நடக்கிறது. பீரங்கியின் அடிப்பகுதியில் அணுகுண்டு. அது வெடித்தால் அமெரிக்கக் குண்டு தவறுதலாக வெடித்ததாக உலகம் நம்பும், ஐரோப்பா ஆயுதங்களைக் கீழே போடும், சோவியத் டாங்கிகள் உள்ளே வரும் என்பது ஒரு ரஷ்ய ஜெனரலின் திட்டம். பாண்ட் அங்கே போய்ச்சேர வழியில் படும் பாடெல்லாம் தனித்தனியாகப் பார்த்தால் நகைச்சுவைக் காட்சிகள். இளைஞர்கள் காரை நிறுத்துவதுபோல நிறுத்திவிட்டு, சிரித்துக்கொண்டே போகிறார்கள். தொலைபேசிக் கூண்டை ஒரு பெண்மணி விட மாட்டேன் என்கிறார். நாம் சிரிக்கிறோம், ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்கும் ஒரு நிமிஷம் குறைகிறது.

அப்புறம் கோமாளி முகத்தோடு வட்டத்துக்குள் ஓடிவந்து, குண்டு இருக்கிறது என்று கத்துகிறான். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. குழந்தைகள் சிரிக்கிறார்கள். அவன் எவ்வளவு உண்மையாகக் கெஞ்சுகிறானோ அவ்வளவு சிரிப்பு. மூரின் முகத்தைப் பாருங்கள். சாயத்துக்குக் கீழே அந்த மனிதர் வியர்க்கிறார். பத்து வருஷமாக எல்லாவற்றையும் புருவத்தாலேயே தள்ளிவிட்ட ஒருவர், முதன்முறையாக "தயவுசெய்து என்னை நம்புங்கள்" என்று உலகத்தைப் பார்த்துக் கேட்கிறார். உலகம் அவரைக் கோமாளி என்றே நினைக்கிறது. மூரின் பாண்டைப் பற்றி விமர்சகர்கள் அத்தனை வருஷம் சொன்னதும் அதுதானே!

இந்தக் காட்சியில் சிரிப்புதான் அச்சத்தை உண்டாக்கும் இயந்திரம். சிரிப்பை எடுத்துவிட்டால் குண்டின் பயமே பாதியாகிவிடும். அதனால்தான் நகைச்சுவையா தீவிரமா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

பனிச்சறுக்கு:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதே 'ஆக்டோபுஸி'யை என்னால் முழு மனதோடு கொண்டாட முடியாது.

உதய்பூரில் நடக்கும் பகுதியில் விஜய் அமிர்தராஜ் நடித்திருக்கிறார். உலகம் அறிந்த டென்னிஸ் வீரர், பாத்திரத்தின் பெயரும் விஜய்தான். ஆட்டோ துரத்தலில் எதிரிகளை மட்டையால் அடிக்கிறார், கூட்டம் டென்னிஸ் பார்ப்பதுபோல இப்படியும் அப்படியும் தலையைத் திருப்புகிறது. அது இருக்கட்டும், அவரும் சேர்ந்து சிரிக்கிற ஜோக். ஆனால் சூதாட்டத்தில் ஜெயித்த பணத்தில் கொஞ்சத்தை உள்ளூர்க்காரரிடம் கொடுத்து, சில வாரத்துக்கு 'கர்ரி' சாப்பாட்டுக்கு ஆச்சு என்று பாண்ட் சொல்கிற இடம்? அந்த வரியை இந்திய முகத்தோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்படி விழும் என்று தெரியும். அதில் ஆபத்தும் இல்லை, எள்ளலில் இருக்கிற துணிச்சலும் இல்லை. எதிர்த்துப் பேச முடியாதவரைப் பார்த்துச் சொன்னது.

இது பழைய படங்களின் குறை மட்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2012இல் வந்த 'ஸ்கைஃபால்' எல்லோரும் மெச்சும் தீவிரமான படம். அதில் செவரின் தலையில் விஸ்கிக் குவளையை வைத்துச் சுடச் சொல்கிறான் வில்லன் சில்வா. பாண்ட் வேண்டுமென்றே தள்ளிச் சுடுகிறான். சில்வா அவளையே சுட்டுவிடுகிறான். எப்படி இருந்தது என்று கேட்டால், நல்ல விஸ்கி வீணாகிவிட்டது என்கிறான் பாண்ட். சிறுவயதிலேயே விற்கப்பட்டவள், உதவி கேட்டு அவனை நம்பியவள். நான் முதல் தடவை பார்த்தபோது உடம்பு கூசிப்போனது. நீலக்குடை சொல்வதுபோல ஆபத்து அங்கேயேதான் நிற்கிறது. ஆனாலும் அந்த ஜோக் தவறு. எனவே யாரை வைத்துச் சிரிக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

சதுரங்கன்:
அந்த 'ஸ்கைஃபால்' வரிக்கு ஒரே ஒரு மறுப்பு. அடுத்த சில நொடிகளிலேயே பாண்ட் சுற்றி நிற்பவர்களை அடித்து வீழ்த்துகிறான். அந்த வரி சில்வாவை ஏமாற்ற, தன் முகம் உடையாமல் இருக்கச் சொன்னது. டேனியல் கிரெய்க்கின் கண்ணில் சிரிப்பு இல்லை. நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

பனிச்சறுக்கு:
கண்ணில் இல்லை, சரி. படத்தில்? அதற்குப் பிறகு அவள் பெயரைக் கதை திரும்பச் சொல்கிறதா? ஒரு நொடி நின்றிருந்தால்கூட நான் நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்வேன். படம் நகர்ந்துவிட்டது.

சதுரங்கன்:
இல்லை, சொல்லவில்லை. அதற்கு என்னிடம் பதில் கிடையாது.

ஏழாம்எண்:
நான் 'கேசினோ ராயல்' பார்த்துத்தான் பாண்டுக்குள் வந்தேன். கிரெய்க் சிரிக்கத் தெரியாதவர் என்று எல்லோரும் பேசுவது எனக்குப் புரிவதே இல்லை. நாற்காலியில் கட்டி வைத்துக் கயிற்றால் அடிக்கிறார்களே, அந்தக் காட்சியில் உயிர் போகிற வலியில் "அங்கே கொஞ்சம் அரிக்கிறது, இன்னும் வலது பக்கம்" என்று சொல்வது யார்? மொத்தத் தொடரிலும் எனக்குப் பிடித்த ஜோக் அதுதான். கடைசிவரிசை அண்ணே, அந்தக் காட்சியில் அரங்கமே ஒரே நேரத்தில் முகம் சுளித்துக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்தது.

1997இல் 'ஆஸ்டின் பவர்ஸ்' வந்து பாண்ட் படங்களின் ஒவ்வொரு வழக்கத்தையும் கேலி செய்துவிட்டது, அதனால் பழைய மாதிரி ஜோக் அடிக்கவே முடியாமல் போனது என்று கிரெய்க்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆகவே அவர்கள் பாண்டின் விசித்திரக் கருவிகளையும் வில்லனின் பூனையையும் விட்டுவிட்டு, வலிக்குள் ஜோக்கைத் தேடினார்கள். 'ஸ்கைஃபால்' ரயில் காட்சியில் பெட்டி பிய்ந்து தொங்கும்போது உள்ளே குதித்து, சட்டைக் கையைச் சரிசெய்கிறாரே, ஒரு வார்த்தை இல்லை, அதுவும் நகைச்சுவைதான்.

ஆனால் 2015இல் வந்த 'ஸ்பெக்டர்' ஏன் ஒட்டவில்லை என்று இப்போதுதான் புரிகிறது. இடிந்த கட்டடத்திலிருந்து விழுந்து சோபாவில் போய் உட்காருவது மூர் காலத்து ஜோக், கதையோ வளர்ப்புத் தந்தை, அண்ணன் பகை என்று அழுத்தமானது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை.

'நோ டைம் டு டை'யில் நடிகை அனா டி அர்மாஸ் வந்து போகும் அந்தச் சில நிமிஷங்கள் மட்டும் தங்கம். மூன்று வாரப் பயிற்சிதான் என்று பதறிக்கொண்டே எல்லோரையும் வீழ்த்துகிறார். 163 நிமிஷப் படத்தில் நான் முழுதாக மூச்சு விட்ட இடம் அது.

கடைசிவரிசை:
தம்பி சொன்ன வலிக்குள் ஜோக் என்பதற்கு ப்ராஸ்னனிடமும் ஒரு உதாரணம் உண்டு. 'டுமாரோ நெவர் டைஸ்', 1997. பாரிஸ் என்கிற பழைய காதலி கட்டிலில் பிணமாகக் கிடக்கிறாள். டாக்டர் காஃப்மன் என்கிற வாடகைக் கொலைகாரர் பாண்டின் தலைக்குக் குறிவைத்து நிற்கிறார். தொலைபேசியில் கூட்டாளிகள் ஏதோ கார் பூட்டைத் திறக்க முடியவில்லை என்று கேட்க, அவருக்கே கூச்சமாகிவிடுகிறது, பாண்டிடம் உதவி கேட்கிறார். வின்சென்ட் ஸ்கியாவெல்லி அவ்வளவு வேடிக்கையாக நடித்திருப்பார். சில நொடியில் நிலைமை மாறும். நான் வேலையைச் செய்கிற தொழில்காரன் மட்டும்தானே என்று கெஞ்சுவார். "நானும்தான்" என்று சொல்லிச் சுடுகிறான் பாண்ட். ப்ராஸ்னனின் மிகக் கொடூரமான கொலை, மிக வேடிக்கையான காட்சிக்குள் இருக்கிறது.

இன்னொன்று. மூரின் கடைசிப் படம் 'எ வியூ டு எ கில்', 1985. அதில் சுரங்கத் தொழிலாளர்களை வில்லன் சோரின் சிரித்துக்கொண்டே இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுத் தள்ளுகிறான். மூர் அந்தக் காட்சியைக் கடைசிவரை வெறுத்தார், வெளிப்படையாகவே சொன்னார். பலர் இதை அவரது மென்மை என்பார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. சாவை லேசாக எடுத்துக்கொண்டவர் என்று நாம் நினைத்தவர்தான், எண்ணிக்கைக்காகச் சாகடிப்பதைப் பொறுக்கவில்லை.

சதுரங்கன்:
இவ்வளவு நேரம் எதிர்வாதம் செய்துவிட்டு இதை ஒத்துக்கொள்ளாமல் போனால் நேர்மை ஆகாது. எனக்கு மிகவும் பிடித்த பாண்ட் டிமோதி டால்டன். எனக்கு மிகவும் பிடித்த காட்சி 1987இல் வந்த 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில், வியன்னா பொழுதுபோக்குப் பூங்காவில். சாண்டர்ஸ் என்கிற அதிகாரி, படம் முழுக்கப் பாண்டோடு சட்டதிட்டம் பேசிச் சண்டை போட்டவர், இப்போதுதான் நண்பராகிறார். கிளம்பும்போது கண்ணாடிக் கதவு பாய்ந்து மூடி அவரைக் கொன்றுவிடுகிறது. ஒரு பலூன் மெதுவாக உருண்டு வருகிறது. அதில் ரஷ்ய மொழியில் "உளவாளிகளுக்கு மரணம்" என்று எழுதியிருக்கிறது. டால்டன் அதைக் கையால் நசுக்கி உடைக்கிறார்.

நான் எப்போதும் அந்தக் கோபத்தைத்தான் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு யோசித்தால், சாவின் அறிவிப்பு ஒரு பலூனில் வருகிறது. பூங்கா, ராட்டினம், விளையாட்டுப் பொருள். கோமாளியும் குண்டும் போலத்தான். அதே படத்தில்தான் செல்லோப் பெட்டியில் உட்கார்ந்து எல்லையைத் தாண்டிச் சறுக்கிக்கொண்டே, அறிவிக்க ஒன்றுமில்லை என்று கத்துகிறார்கள். அந்தச் சிரிப்பு இருந்ததால்தான் எனக்கு சாண்டர்ஸின் சாவு அவ்வளவு திடீரென்று விழுந்தது போலிருக்கிறது. கூரைகளுக்கு மேல் கம்பிகளில் கம்பளத்தைப் போட்டுச் சறுக்கித் தப்பும் காட்சி ஒன்றையும் எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிவிட்டார்கள். வெட்டியது நல்லது என்பதில் மட்டும் நான் மாறவில்லை.

'லைசென்ஸ் டு கில்' பற்றி எனக்கு இருந்த ஒரு சின்ன ஏமாற்றத்துக்கும் இப்போது காரணம் தெரிகிறது. பாண்டின் நண்பர் ஃபெலிக்ஸ் லைட்டரைச் சுறாவிடம் போடுகிறார்கள், அவருடைய புது மனைவியைக் கொல்கிறார்கள். கடைசிக் காட்சியில் ஃபெலிக்ஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து தொலைபேசியில் கலகலப்பாகப் பேசுகிறார். அங்கே சிரிப்பு வேண்டவே வேண்டாம் என்று இருந்தது. தீவிரமான படம் என்று பெயர் வாங்கியும் துக்கத்தை அது மதிக்கவில்லை.

குறுக்கெழுத்து:
பலூன்! எத்தனை தடவை பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

பனிச்சறுக்கு:
1969ஐ யாரும் ஒரு வரிக்கு மேல் தொடவில்லை, அதனால் நான் போகிறேன். ஜார்ஜ் லேசன்பி நடித்த ஒரே பாண்ட் படம் 'ஆன் ஹெர் மெஜஸ்டிஸ் சீக்ரெட் சர்வீஸ்'. தொடக்கத்தில் கடற்கரையில் சண்டை போட்டு ஒரு பெண்ணைக் காப்பாற்றுகிறான், அவளோ நன்றிகூடச் சொல்லாமல் காரில் போய்விடுகிறாள். "அந்த இன்னொருத்தருக்கு இப்படி ஆனதே இல்லை" என்கிறான். கானரியைச் சொல்கிறான். படத்துக்கு வெளியே கால்வைத்து அடித்த ஜோக். நீலக்குடையின் அளவுகோலில் இது தோற்க வேண்டும்.

அந்தப் பெண்தான் ட்ரேசி. கடைசியில் அவளையே கல்யாணம் செய்துகொள்கிறான். கல்யாணக் காரை மூடியிருக்கும் பூக்களை எடுக்க வழியில் வண்டியை நிறுத்துகிறான். அந்த நிமிஷத்தில் சுட்டுவிட்டுப் போகிறார்கள். போலீஸ்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து பார்க்கும்போது, மனைவியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஒன்றுமில்லை, ஓய்வெடுக்கிறாள், அவசரமில்லை, எங்களுக்கு எல்லா நேரமும் இருக்கிறது" என்கிறான்.

நான் இதை வேடிக்கை வரியாக நினைக்கவில்லை. ஆனால் அதன் உருவத்தைப் பாருங்கள். சாவுக்குப் பிறகு பாண்ட் சொல்லும் ஒற்றை வரி. 1962இலிருந்து ஒவ்வொரு படத்திலும் வந்த அதே பழக்கம். இந்த ஒரு தடவை அந்தக் கதவு சாத்த மறுக்கிறது.

நீலக்குடை:
ஆமாம். அடுத்து காரின் கண்ணாடியில் குண்டு துளைத்த ஓட்டை, அதோடு படம் முடிகிறது.